களப்பில் கேட்ட அலை

பனிச்சங்குடாப் போர்க்களத்தைப் பற்றி மூன்று வருடமாக ஒரு முறைப்பாடுகூட வரவில்லை. இதன் அருமை அதற்கு முந்திய வருடங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதலில் அங்கே ஒரே ஒரு பலகை இருந்தது. வென்றவர்கள் எழுதிய பலகை. யார் யாரை மீட்டார்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வடக்கிலிருந்து முறைப்பாடு போனது. ஆட்சி மாறியதும் பலகையும் மாறியது. இப்போது தெற்கிலிருந்து முறைப்பாடு வந்தது. பிறகு ஒரு புத்திசாலி அமைச்சர் மூன்று மொழியிலும் மூன்று விதமாக எழுதச் சொன்னார். ஒருவருடைய பலகையை மற்றவர் எங்கே வாசிக்கப் போகிறார் என்பது அவருடைய கணக்கு. வாசித்தார்கள். ஒரு நீண்ட விடுமுறையில் இரண்டு பஸ்களில் வந்தவர்கள் ஒருவருடைய பலகைக்கு மற்றவர் தார் பூசினார்கள். பூசிவிட்டு, வரலாற்றைத் திருத்திய திருப்தியோடு இரண்டு கூட்டமும் ஒரே கடையில் சாப்பிடப் போனது.

அந்தத் தாரைச் சுரண்டிக்கொண்டிருந்த நாட்களில்தான் யாழ்நங்கை வேலை செய்யும் நிறுவனம் 'சமன்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. பலகைகளை எல்லாம் கழற்றிவிட்டார்கள். வருகிறவர்கள் இரண்டு காதிலும் கச்சான் கொட்டை அளவில் ஒரு ஒலிப்பானை வைத்துக்கொண்டு, மணிக்கட்டில் ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டு, தரிப்பிடம் தரிப்பிடமாக நடப்பார்கள். ஒவ்வொரு தரிப்பிலும் அங்கே என்ன நடந்தது என்று ஒரு குரல் இதமாகச் சொல்லும். பஸ் ஹோர்ன், ஐஸ்கிறீம் வண்டியின் பாட்டு, பக்கத்தில் நிற்பவர்களின் வாய்ச்சண்டை எல்லாவற்றையும் கருவி வடிகட்டிவிடும். வெளியே வரும்போது எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். சிங்களவர் போட்டார்கள், தமிழர் போட்டார்கள், வெள்ளைக்காரர் போட்டுவிட்டுக் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். போர் நடந்த வேறு நாடுகளிலிருந்தும் இதைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கருவியின் மூளையை அமைத்தவள் யாழ்நங்கைதான். 'யாழ்நங்கை சதாசிவம்' என்ற பெயரோடு அவளுடைய படம் பத்திரிகைகளில் வந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த முறைப்பாடு வந்தது.

"உங்கட கருவி பக்கச்சார்பானது. அது என்ர பக்கம் சாயுது. ஆறாம் தரிப்பில நிண்டால் எனக்குக் கடல் சத்தம் மட்டும் போடுது. யாழ்நங்கை எண்ட பிள்ளையை அனுப்புங்கோ. அவவுக்கு நேரில சொல்லவேணும். க. விக்கினராசா, நண்டு வாடி, பனிச்சங்குடா."

அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தன் பக்கம் சாய்கிறது என்று ஒருவர் முறைப்பாடு எழுதியதை யாரும் கேள்விப்பட்டதில்லை. யாழ்நங்கையும் சிரித்தாள். "கடற்கரையில நிண்டால் கடல் சத்தம் கேக்காமல் வேற என்ன கேக்கும்?" என்றாள். அவளுக்கும் ஆறாம் தரிப்பு பிடித்த இடம். போகும்போதெல்லாம் அங்கே கொஞ்ச நேரம் அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். தன் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தது உள்ளூர ஒரு பெருமையாகவும் இருந்தது. புறப்பட்டாள்.

வவுனியாவிலிருந்து அவளை வாகனத்தில் கூட்டிப்போனவன் உதார, போர்க்களத்தின் புதிய முகாமையாளர். குருநாகல் சிங்களவன். தமிழைப் பள்ளிக்கூடத்தில் படித்து, மிச்சத்தை வேலை செய்த இடங்களில் பொறுக்கிக்கொண்டவன்.

"மேடம், ஒன்று கேட்கவா? எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி மெஷின் எப்படிச் சொல்லுது?"

"சனம் எப்ப முறைப்பாடு எழுதும் எண்டு நினைக்கிறீங்கள், உதார?"

"கோபம் வந்தா."

"இல்லை. கோபம் வந்தால் ஐஞ்சு நட்சத்திரம் போடுவினம். அழுதாலும் ஐஞ்சு. பெருமைப்பட்டால் கேக்கவே வேண்டாம். வெக்கப்பட்டால்தான் எழுதுவினம். தங்கட ஆக்கள் செய்த ஒண்டைக் கேட்டு முகம் சுருங்கும் பாருங்கோ, அடுத்த நிமிசம் 'இந்த இடம் பக்கச்சார்பானது' எண்டு எழுதிப்போடுவினம்."

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா?"

"ஒரு பொய்யும் இல்லை. எல்லாம் சாட்சிகள் தங்கட வாயால சொன்னது. பட்டி நாடியைப் பாக்கும், வேர்வையைப் பாக்கும். எதைச் சொன்னால் இந்த ஆளுக்கு வெக்கம் வரும் எண்டு முன்கூட்டியே கணிச்சு, அதை விட்டிடும்."

"விட்ட இடத்தில்?"

"காத்து, குருவி, அலை எண்டு ஏதாவது மெல்லிசாப் போடும். சனத்துக்கு அது நல்ல விருப்பம்."

உதார வேகத்தைக் குறைத்தான். "வெக்கம் என்றால் என்ன என்று மெஷினுக்கு யார் படிப்பிச்சது?"

"நான்தான்," என்றாள் யாழ்நங்கை. "மாசக்கணக்கா என்ர கையில பட்டியைக் கட்டிக்கொண்டு திரிஞ்சன். முதல் பழகினது என்ர உடம்பிலதான்." அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சமும் வெட்கமாக இருக்கவில்லை.

போரின் கடைசி மாதங்களில் பிறந்தவள் அவள். இந்தக் கரையில் எங்கோ யாருடையதோ ஒரு பங்கருக்குள் கிடந்து தப்பியதாக அம்மா ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அப்பா அதுவும் சொன்னதில்லை. அப்பா சதாசிவம் மாஸ்ரர் கணக்கு வாத்தியார். ஊரில் அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் மண்டபத்துக்கு இப்போது அவருடைய பெயர். அவருடைய செத்தவீட்டுக்கு மூன்று கிராமம் திரண்டு வந்தது.

ஆறாம் தரிப்பு களப்போரமாக இருந்தது. அங்கே ஒரு பங்கரைப் பழையபடி அமைத்துக் கண்ணாடியால் மூடியிருந்தார்கள். பனங்குற்றிக் கூரை, அதன் மேல் மண்மூட்டைகள். சாக்குக் கிடைக்காத காலத்தில் சனம் தங்கள் சேலைகளைக் கொடுத்து மூட்டை தைத்தது. அதனால் அந்தப் பங்கர் நிறம் நிறமாக இருந்தது. நீலப்பூப் போட்ட நூல்சேலை, பச்சை வொயில், நடுவில் அரக்குச் சிவப்பில் சரிகை வைத்த ஒரு கூறைச்சேலை. வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கூறையோடு நின்றுதான் படம் எடுப்பார்கள்.

விக்கினராசா அதன் பக்கத்தில் நின்றிருந்தார். எழுபதுக்குக் கிட்ட வயது. கால்சட்டை, தோய்த்து வெளுத்த சேட்டு. காதில் கருவி இல்லை.

"வந்திட்டீங்களோ பிள்ளை," என்றார். அவளுடைய முகத்தை ஏதோ தேடுவதுபோல் பார்த்தார். பிறகு உதாரவிடம் திரும்பினார். "தம்பி, இந்த இடத்தில உங்களுக்கு என்ன சொன்னது?"

உதார திகைத்தான். மூன்று வருடத்தில் அங்கே யாரும் யாரிடமும் இதைக் கேட்டதில்லை. கருவி இரண்டு காதிலும் இருக்கும்போது பக்கத்து ஆளிடம் கதைக்கவே தோன்றாது.

"ஓடி வந்த ஒரு பெண்ணை இந்தப் பங்கர்காரங்க உள்ளே விடல்ல என்று," அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அவங்கட ஆட்களே வாசலை அடைச்சாங்க. அந்தப் பெண் வெளியில செத்துப் போனாங்க."

"ஷெல் எந்தப் பக்கத்தால வந்தது எண்டு சொன்னதோ?"

"இல்லை. அந்த இடத்தில் குருவிச் சத்தம்."

"பிள்ளை, உங்களுக்கு?"

"ஷெல் மழைக்குள்ள ஒரு தையல்காரர் தன்ர பங்கருக்க பத்துப் பன்னிரண்டு பேரைக் காப்பாத்தினவர் எண்டு," என்றாள் யாழ்நங்கை. "ஒரு பெண் தன்ர கூறைச்சேலையையே மூட்டைக்குக் குடுத்தவ எண்டு."

"குடுத்தவ என்ன ஆனா?"

அவளுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் அலைதான் கேட்டிருக்கிறது. காது கொஞ்சம் சூடானதுபோல் இருந்தது.

"அந்தத் தையல்காரன் நான்," என்றார் விக்கினராசா. "உங்கட ஆக்கள் வந்து கேட்டவை, ஒரே இருப்பில இருந்து எல்லாத்தையும் சொன்னனான். அதை ரெண்டாப் பிய்ச்சு ஆளுக்கொரு பாதி குடுத்திருக்கிறீங்கள். போன மாசம் ரொறன்ரோவில இருந்து வந்த ஒரு மனிசி நான் ஆரெண்டு அறிஞ்சு என்ர காலில விழுந்தவ. அதே நாள் சிங்களப் பள்ளிக்கூடப் பிள்ளையள் என்னைப் பாத்து ஒதுங்கிப் போச்சினம். ரெண்டு பகுதியும் கேட்டது உண்மைதான். எனக்குத்தான் ஒண்டும் இல்லை. ரிக்கற் வாங்கி நிண்டால் அலை அடிக்குது."

"அது உங்கட மனசு நோகக்கூடாது எண்டுதான் ஐயா…"

"நோகவேணும் எண்டுதானே பிள்ளை குடுத்தனான்." அவர் குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. "சரி. உங்களுக்கு நேர சொல்லுறன். அதைக் கழட்டிப்போட்டுக் கேளுங்கோ."

உதார உடனே கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டான். யாழ்நங்கை கழற்றவில்லை. "இதுக்குள்ளதான் ஐயா பதிவாகுது. அலுவலகத்துக்குத் தேவை," என்றாள். அது உண்மைதான். அது காதில் இல்லாமல் அந்த இடத்தில் நின்று அவளுக்குப் பழக்கமும் இல்லை.

அவர் அவளுடைய காதைப் பார்த்தார். பிறகு கூறைச்சேலை மூட்டையைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

"தையல் மிசினைத் தலையில வைச்சுக்கொண்டு இடம் இடமா ஓடினனான். இஞ்ச வந்தாப் பிறகு முழுநாளும் மூட்டை தையல். சட்டை தைச்சுத்தர ஆரும் கேக்கேல்லை. மங்களேஸ்வரி எண்டு ஒரு பிள்ளை. கலியாணம் கட்டி ஒரு வருசம் இல்லை, புருசனை வழியில பறிகுடுத்திட்டு வந்தவ. தாய் தேப்பனும் இல்லை. பங்கர் வெட்டிக்குடுக்க ஆள் இல்லை. இந்தக் கூறையைக் கொண்டு வந்து, 'அண்ணை, இதைத் தையுங்கோ, உங்கட பங்கருக்க எனக்கொரு மூலை தாங்கோ' எண்டவ. நான் ஓம் எண்டனான். தைக்கேக்க ஊசி சரிகையில பட்டுப் பட்டு முறிஞ்சது. அவ பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டிருந்தவ, அழேல்லை."

யாழ்நங்கைக்குக் கண் கலங்கியது.

"அண்டைக்கு அவ தண்ணிக்குப் போயிருந்தவ. ஷெல் தொடங்கியிட்டுது. சனம் கண்டபாட்டுக்கு வந்து உள்ளுக்க இறங்குது. அவ குடத்தைப் போட்டிட்டு ஓடி வாறா. அண்ணை, அண்ணை எண்டு கத்திக்கொண்டு வாறா. அப்பத்தான் பிள்ளை, உள்ளுக்க…"

காற்று எழுந்தது. அலைச் சத்தம் பெரிதாகிக் கரையில் விழுந்து விழுந்து திரும்பியது. விக்கினராசாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவர் இப்போது மூட்டையை விட்டு நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், வயதான மனிதர், குரல் எடுபடவில்லை என்று அவள் நினைத்தாள். இடைமறித்து நோகடிக்க வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு சத்தம் தணிந்தது.

"…இந்தக் கூறை மூட்டையாலதான் வாசலை அடைச்சது. அவவின்ர சேலை எங்கட தலைமாட்டில, அவ வெளியில. ஷெல் ஓய்ஞ்சு திறக்கேக்க வாசலிலதான் கிடந்தவ." அவர் நிறுத்தினார். "இதுதான் பிள்ளை நடந்தது. நீங்கள் என்ன சொன்னாலும் நான் கேக்கிறன்."

அவர் காத்திருந்தார். உதார தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்கட வேதனை எனக்கு விளங்குது ஐயா," என்றாள் யாழ்நங்கை கனிவாக. "மனம் திறந்து சொன்னதுக்கு நன்றி. உங்கட கருத்தை மேலிடத்துக்குக் கட்டாயம் அறிவிப்பம்."

விக்கினராசா கன்னத்தில் அறை வாங்கியவர்போல் நின்றார். "அவ்வளவுதானோ?" என்றார்.

"எங்களால ஏலுமானதைச் செய்வம்."

அவர் திரும்பினார். மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், வாசலுக்கு அப்பால்தான் அதை உதைத்தார்.

அலுவலக அறையில் அவள் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தாள். உதார சாப்பிடவில்லை.

"மேடம், நான் கேட்கக் கூடாது. ஆனா நீங்க ஏன் அவருக்கு அப்படிச் சொன்னீங்க? அவர் அழுற மாதிரி நின்றார்."

"வேற என்ன சொல்லுறது உதார? அவர் செய்தது பிழைதான். ஆனால் அந்த நேரத்தில…"

"அவர் செய்தது மட்டும் இல்லையே. உங்க அப்பா."

"என்ர அப்பாவோ?"

உதாரவின் முகம் மாறியது. "நீங்க கேட்கல்லையா?"

"அந்த இடத்தில காத்தும் அலையுமாக் கிடந்தது."

"காற்று இருக்கல்லையே மேடம். ஒரு இலைகூட ஆடல்ல." அவன் யன்னல் பக்கம் கையைக் காட்டினான். "அது களப்பு, அடைபட்டுக் கிடக்கிற தண்ணி. கடல் அந்தத் திட்டிக்கு அந்தப் பக்கம், நடந்து போனா அரை மணித்தியாலம். களப்பில் எப்படி அலை வரும்?"

யாழ்நங்கை யன்னலுக்கு வெளியே பார்த்தாள். தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. ஒரு கொக்கு அதில் நின்றது. அதன் நிழல்கூடக் கலங்கவில்லை. எத்தனை தடவை இங்கே வந்து அலையை ரசித்திருக்கிறாள். ஒரு தடவைகூட அலை எங்கே என்று பார்த்ததில்லை.

"அவர் என்ன சொன்னவர்?"

"நீங்களே பதிவைப் போட்டுக் கேளுங்க மேடம். நான் எப்படிச் சொல்றது?"

"சொல்லுங்கோ உதார."

அவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். வேறு யாருடைய வீட்டுச் சண்டையையோ சொல்ல நேர்ந்தவன்போல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"உள்ளே ஒரு குழந்தை இருந்ததாம். சின்னக் குழந்தை. சனம் நெருக்கி மூச்சு முட்டி நீலமாகிட்டுதாம். குழந்தையின் அப்பா வாசலில் குறுக்கே நின்றாராம். 'இனி ஒருத்தரும் வரக்கூடாது, வந்தால் என்ர பிள்ளை செத்துப்போகும்' என்று. விக்கினராசா ஐயா சொன்னார், 'நான் அவரைத் தள்ளிப்போட்டு அவவை இழுத்திருக்கலாம். செய்யேல்லை. அந்த மூட்டையைத் தூக்கி அவற்ற கையில குடுத்தனான். சதாசிவம் மாஸ்ரர்தான் அடைச்சவர், உங்கட அப்பா. அந்தக் குழந்தை நீங்கள்.' இதைத்தான் சொன்னார். உங்களைப் பார்த்துத்தான் சொன்னார்."

யாழ்நங்கை பதிவை மேசை ஒலிபெருக்கியில் போட்டாள். கருவி காதுக்குத்தான் மறைத்திருந்தது; பதிவில் எல்லாம் இருந்தது. அலை இல்லை, காற்று இல்லை. தெளிவான, நிதானமான கிழவர் குரல். அதற்குப் பிறகு தன்னுடைய குரலையும் அவள் கேட்டாள். *உங்கட கருத்தை மேலிடத்துக்குக் கட்டாயம் அறிவிப்பம்.* அந்தக் கனிவு. வங்கியில் கடன் இல்லை என்று சொல்லும் பெண்ணின் கனிவு. அவள் ஒலிபெருக்கியை நிறுத்தினாள். சோற்றுப் பார்சலை மூடினாள். எங்கேயாவது போய் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"அவர் செய்ததைச் சொல்லேக்க எனக்குப் பாவமா இருந்தது," என்றாள் மெல்ல. "பாவம் பாக்கிறது சுகமான விசயம் உதார. அதைக் கருவி விடும். அப்பாவின்ர பேர் வந்த உடன மறிச்சிட்டுது. அவர் முதல் குடுத்த வாக்குமூலத்திலயும் அந்தப் பேர் இருந்திருக்கும். ஆயிரக்கணக்கான மணித்தியாலப் பதிவு. நாங்கள் ஒருத்தரும் முழுசாக் கேக்கேல்லை. அது கேட்டிருக்கு. மூண்டு வருசமா ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த இடத்தில அலையைப் போட்டிருக்கு."

"உங்களுக்கு நல்லது செய்ய நினைச்சிருக்கும்."

"ஓம். நான்தானே பழக்கினனான்."

அப்பாவின் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. தன் பிள்ளைக்கு மூச்சு முட்டினால் யாரும் அதைத்தான் செய்வார்கள் என்று ஒரு பக்கம் மனம் வக்காலத்து வாங்கியது. மண்டபத்தின் வாசலில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயர் ஞாபகம் வந்தது. அந்த மண்டபத் திறப்புவிழாவில் அவள்தான் பேசினாள். அப்பா ஒரு உயிருக்கும் தீங்கு நினைக்காதவர் என்று பேசி, கைதட்டு வாங்கினாள். இப்போது அந்தக் கைதட்டு காதுக்குள் கேட்க, உடம்பெல்லாம் கூசியது. ஒரு பெண்ணின் மூலையில் படுத்து வளர்ந்திருக்கிறாள். அவளுடைய கூறையின் கீழ் படுத்து வளர்ந்திருக்கிறாள். இன்று காலைவரை அவளுக்கு அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தெரியாது.

மணிக்கட்டுப் பட்டி அதிர்ந்தது. கழற்றி வைத்த ஒலிப்பான்களில் மேசைமேல் மெல்லிய அலைச் சத்தம் எழுந்தது. அவள் பட்டியைப் பிய்த்து எறிந்தாள்.

நண்டு வாங்கி விற்கும் வாடியில் விக்கினராசா ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டு எழும்பவில்லை.

"ஐயா, நீங்கள் சொன்னது எனக்குக் கேக்கேல்லை. கருவி மறைச்சுப்போட்டுது. இப்பதான் கேட்டனான்." அவள் பெட்டிகளுக்கு முன்னால் குந்தினாள். "உங்களுக்கு நான் சொன்ன மறுமொழியை நினைக்க நினைக்க வெக்கமாக் கிடக்குது."

அவர் தண்ணீர்க் குழாயை மூடினார். "அதுதானே பாத்தன்," என்றார் நீண்ட மூச்சோடு. "மாஸ்ரற்ர மகள் இப்பிடிக் கல்லா இருப்பாவோ எண்டு யோசிச்சுக்கொண்டுதான் வந்தனான்."

"என்னில உங்களுக்குக் கோபம் இல்லையோ?"

"ஏன் பிள்ளை? நீங்கள் பால்குடி. கொப்பரிலயும் கோபம் இல்லை. அவர் பிறகு ஒவ்வொரு வருசமும் ஆருக்கும் தெரியாமல் இஞ்ச வருவார். வந்து அந்த இடத்தில நிப்பார். ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கமாட்டம். அவர் போனாப் பிறகு நான் தனிச்சுப்போனன்." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "மங்களேஸ்வரிக்கு ஒருத்தரும் இல்லை. அவவின்ர பேரைச் சொல்ல இந்த உலகத்தில இப்ப நான் மட்டும்தான். எனக்குச் சனத்துக்கு முன்னால வாயால சொல்ல ஏலாமத்தான் உங்கட கருவிக்குச் சொன்னனான். அது சொல்லும், நான் ஒளிச்சு நிண்டு கேக்கலாம் எண்டு."

"இனிச் சொல்லும் ஐயா. நான் சொல்லவைக்கிறன்."

"சனிக்கிழமை என்ர மகன் குடும்பம் சுவிசில இருந்து வருது. அந்த நேரம் அவன் இஞ்ச இல்லை. அப்பா வீரன் எண்டு ஆரோ சொல்லக் கேட்டிட்டு, பேரப்பிள்ளையளுக்கும் காட்டவெண்டு வருகினம். அந்தக் கூறையோட நிண்டு படம் எடுக்கப்போகினம், பிள்ளை. நான் அதுக்குப் பக்கத்தில நிக்கவேணும்." அதைச் சொல்லும்போதுதான் அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

யாழ்நங்கை கொழும்புத் தலைமையகத்துக்குப் போன் எடுத்துக் கதைத்தாள். பணிப்பாளர் பொறுமையாகக் கேட்டார். முழுவதையும் சொன்னால் இரண்டு பக்கமும் எழுதும் என்றார். மூன்று வருடமாக ஒரு முறைப்பாடும் இல்லாத இடம் என்றார். ஒரு கிழவருக்காக ஒரு நாட்டின் நிம்மதியைக் குழப்ப முடியுமா என்றார். அவர் சம்மதித்திருந்தாலும் பயன் இல்லை என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. ஆறாம் தரிப்பை மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சொல்லவைக்க இரண்டு நாள் முயன்று பார்த்தாள். முழுவதையும் சொல்வதற்கு அந்தக் கருவியில் வழியே இல்லை. அப்படி ஒன்றை அவள் வைக்கவில்லை. யாருக்கும் தேவைப்படும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

சனிக்கிழமை காலை அவள் வெறுங்காதோடு ஆறாம் தரிப்பில் வந்து நின்றாள். நல்ல கூட்டம். தெற்கிலிருந்து ஒரு பஸ், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பஸ், நடுவில் விக்கினராசாவின் குடும்பம். மகன் கேதாரன் தகப்பனின் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தான். மருமகள் கூறைச்சேலையைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தாள். கிழவர் குனிந்த தலை நிமிரவில்லை.

யாழ்நங்கை கண்ணாடிக்கு முன்னால் ஏறி நின்றாள். "இந்தக் கூறையைக் குடுத்தவவின்ர பேர் மங்களேஸ்வரி," என்று தொடங்கினாள். மூலை கேட்டதைச் சொன்னாள். ஷெல் எந்தப் பக்கத்தால் வந்தது என்று சொன்னாள். வாசலை யார் அடைத்தது என்று சொல்ல அப்பாவின் பெயர் வரவேண்டியிருந்தது. பிடித்துத் தள்ளுவதுபோல் அதையும் சொன்னாள். உதார அவளுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் சிங்களத்தில் சொன்னான். முடிந்தபோது இரண்டு பேருக்கும் வேர்த்திருந்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் ஏசவுமில்லை. எல்லோரும் களப்பைப் பார்த்துக்கொண்டு சாந்தமாக நின்றார்கள். ஒரு பெண் கண்ணை மூடிப் புன்னகைத்தாள். கேதாரன் மனைவியின் காதில் ஏதோ சொல்லப்போய், அந்த இனிமையைக் குழப்ப மனமில்லாமல் விட்டுவிட்டான். அவர்கள் எல்லோருக்கும் அலை கேட்டுக்கொண்டிருந்தது.

"கழற்றுங்க! ஒரு நிமிஷம் காதில் இருக்கிறதைக் கழற்றுங்க!" என்று உதார இரண்டு பாஷையிலும் கத்தினான். அதையும் அலை எடுத்துக்கொண்டது. ஆத்திரத்தில் கையை வீசினான். படம் எடுக்க இடம் விடச் சொல்கிறான் என்று நினைத்து நாலைந்து பேர் விலகி நின்றார்கள்.

யாழ்நங்கை படியில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு பேருக்கு முன்னால் அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டோம் என்ற நடுக்கத்துக்கு மேலே, யாருக்கும் கேட்கவில்லை என்பதில் ஒரு துளி ஆறுதல் மெல்ல ஊறியது. அந்த ஆறுதலைத் தனக்குள் கண்டபோது வந்த வெட்கம்தான் எல்லாவற்றிலும் பெரியதாக இருந்தது.

அப்போது விக்கினராசா தன் தோளில் இருந்த மகனின் கையை எடுத்துக் கீழே விட்டார். நிமிர்ந்து, அவனுடைய காதுகளில் இருந்த இரண்டையும், சின்ன வயதில் சட்டைக்கு அளவெடுத்த அதே விரல்களால், ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"என்னப்பா?" என்றான் கேதாரன். சுற்றிப் பார்த்தான். "அலை நிண்டிட்டுது?"

"அலை இருக்கேல்லை, தம்பி." கிழவர் அந்த இரண்டையும் சேட்டுப்பைக்குள் போட்டார். மருமகளின் பக்கம் திரும்பி, அவளையும் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். பிறகு யாழ்நங்கையைப் பார்த்தார். "பிள்ளை, எழும்புங்கோ. இன்னொருக்காச் சொல்லுவம். நீங்கள் விட்டால் நான் பிடிக்கிறன்."

அவள் எழும்பினாள். இப்போது அவளுக்கு முன்னால் கேட்கும் காதோடு இரண்டே பேர் நின்றார்கள். நூறு பேருக்குச் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. கேதாரன் அவளையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் சதாசிவம் மாஸ்ரற்ர மகள்," என்றாள். "அண்டைக்கு இதுக்குள்ள மூச்சு முட்டின குழந்தை நான்தான்."